‘வயதானால் வருவதுதானே, இதற்கு எதற்கு நிதி?’

கேள்வி: ஜூலை 9

மூட்டு வலிக்காக நிதி திரட்டுகிறோம் என்று ஒரு துண்டறிக்கை கைக்கு வந்தது. புற்றுநோய், சிறுநீரகக் கோளாறு, குழந்தைகளின் இதயக் குறைபாடு என்று உயிருக்கு உலை வைக்கும் நோய்கள் எத்தனையோ இருக்கின்றன. வயதானால் எல்லோருக்கும் வருகிற மூட்டு வலிக்கு எதற்குப் பணம்? தைலம் தேய்த்துவிட்டுக் கொஞ்சம் நடந்தால் சரியாகிவிடாதா? குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே கேட்கிறேன்.

ஜூலை 9, இரவு

எனக்கு முடக்கு வாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) தொடங்கியபோது வயது 29. ஆறாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலை கரும்பலகையில் தேதி எழுதச் சாக்பீஸை எடுத்தால் விரல்கள் மடங்கவில்லை. உள்ளங்கையில் வைத்து அழுத்திக்கொண்டு, தோளை அசைத்து எழுதிப் பார்த்தேன். இரண்டாவது எழுத்திலேயே சாக்பீஸ் கீழே விழுந்தது. முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து வந்து, ‘நான் எழுதுகிறேன் டீச்சர்’ என்று பொறுக்கிக்கொண்டாள். அந்த வாரம் முழுவதும் அவள்தான் தேதி எழுதினாள்.

இந்த நோய் உள்ள நாங்கள் பதினொரு பேர் சேர்ந்து நிதி திரட்டுகிறோம். நீங்கள் சொல்வது மூட்டுத் தேய்மானம். அது வேறு. அதற்கும் வயதுக்கும் தொடர்பு உண்டு, நான் மறுக்கவில்லை. முடக்கு வாதம் தேய்வதால் வருவதில்லை. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே மூட்டின் உள்ளுறையை எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. உறை வீங்கித் தடிக்கிறது. கவனிக்காமல் விட்டால் குருத்தெலும்பையும் எலும்பையும் அரித்துவிடுகிறது. தேய்மானத்தில் நடக்க நடக்க வலிக்கும், உட்கார்ந்தால் தணியும். இதில் இரவெல்லாம் படுத்து எழும் நேரம்தான் மோசம். ஒரு மணி நேரம், சில நாள் மூன்று மணி நேரம், யாரோ உடம்பைச் சுருட்டிக் கட்டி வைத்ததுபோல் இருக்கும். பற்பசையை மேசைமேல் கிடத்தி முன்கையால் அழுத்திப் பிதுக்கியிருக்கிறேன். குழாயைத் திருக முடியாமல் இரண்டு மணிக்கட்டுகளுக்கு நடுவே பிடித்துத் திருப்பியிருக்கிறேன். தைலத்துக்கு இதில் வேலையே இல்லை. டப்பாவின் மூடியைத் திறக்கவே இன்னொருவர் வேண்டும்.

ஜூலை 10

உயிர் போகும் நோயா என்ற பகுதிக்கு நேற்று பதில் எழுத விட்டுவிட்டேன். மூட்டோடு நின்றுவிடும் நோய் அல்ல இது. மூட்டை வீங்கவைக்கும் அழற்சி உடம்பு முழுவதும் ஓடுவதால் மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். நுரையீரலையும் கண்ணையும் தொடும். ஆயுளையும் குறைக்கும். ஆனால் திடீரென்று விழச் செய்யாமல் மெல்ல மெல்லச் செய்வதால் யாரும் ஓடி வருவதில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் உலகில் 1 கோடியே 80 லட்சம் பேர் முடக்கு வாதத்தோடு வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 70 சதவீதம் பெண்கள். 55 வயதைத் தாண்டியவர்கள் 55 சதவீதம். மீதி 45 சதவீதத்தை யோசித்துப் பாருங்கள். பிள்ளை வளர்க்கிற, வேலைக்குப் போகிற வயதில் இருப்பவர்கள் அவர்கள்.

ஜூலை 14

‘சரி, பணம் அதில் என்ன செய்யும்?’ என்று திரும்பக் கேட்டிருக்கிறீர்கள். என் கதையையே சொல்கிறேன்.

சாக்பீஸ் விழுந்த நாளிலிருந்து நோயின் பெயர் தெரிய எனக்குப் பதினான்கு மாதங்கள் ஆயின. முதல் மருத்துவர் வேலைப்பளு என்றார். இரண்டாமவர் பிரசவத்துக்குப் பின் வருகிற பலவீனம் என்றார். மூன்றாவது இடத்தில் ரத்தம் எடுத்தார்கள். இந்நோய் உள்ள பலரின் ரத்தத்தில் காணப்படும் ருமட்டாய்டு காரணி எனக்கு இல்லை என்று முடிவு வந்தது. ‘உங்களுக்கு அந்த நோய் இல்லை, நிம்மதியாகப் போங்கள்’ என்றார்கள். நானும் நிம்மதியாகப் போனேன். அந்தச் சோதனை ‘இல்லை’ என்று காட்டினாலும் நோய் இருக்கலாம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. இந்நோய் உள்ளவர்களில் ஐந்தில் ஒருவருக்காவது அது அப்படித்தான் காட்டும். அந்தப் பதினான்கு மாதமும் வலி மாத்திரையிலேயே ஓட்டினேன். வலி மாத்திரை வலியை மறைக்கும், அரிப்பை நிறுத்தாது. என் வலது மணிக்கட்டு இன்று பாதிதான் மடங்கும். அந்தப் பதினான்கு மாதத்தில் போனது அது.

மூட்டு வீக்கம் கண்ட ஆறு வாரத்துக்குள் ருமட்டாலஜிஸ்ட் எனப்படும் வாதநோய் நிபுணரைப் பார்த்துவிட வேண்டும், மூன்று மாதத்துக்குள் நோயின் போக்கையே மாற்றும் மருந்தைத் தொடங்கிவிட வேண்டும் என்பது ஐரோப்பிய வாதநோய் மருத்துவர் சங்கத்தின் பரிந்துரை. மூன்று மாதம் எங்கே, பதினான்கு மாதம் எங்கே. விழிப்புணர்வுக்குச் செலவழிக்கிற பணம் இந்த இடைவெளியைத்தான் குறைக்க வேண்டும். இதைத் தவிர விழிப்புணர்வு என்ற சொல்லுக்கு எனக்கு வேறு பொருள் தெரியாது.

ஜூலை 22

பெயரைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். முடக்கு வாதம் என்ற பெயரே ஆளை முடக்கிவிடுகிறது என்பது சரிதான். மருத்துவர் சொல்லி முடித்ததும் என் மாமியார் கேட்ட முதல் கேள்வி, ‘அப்படியென்றால் இவள் முடங்கிவிடுவாளா?’ நிதி கேட்டுப் போகும்போது வேறொரு சிக்கல். ‘வாதம்’ என்றதும் பக்கவாதம் என்று எடுத்துக்கொண்டு, ‘பேச்செல்லாம் நன்றாக இருக்கிறதே’ என்கிறார்கள். மூட்டழற்சி என்று மூட்டு வீக்க நோய்களின் பொதுப்பெயரைச் சொன்னால், அது நோயா மருந்தா என்றே பலருக்குத் தெரியவில்லை. ஆங்கிலத்தில் இப்போது வழங்கும் பெயரை 1859இல் வைத்தவர் ஆல்ஃபிரட் காரட் என்ற மருத்துவர். கவுட் எனப்படும் கீல்வாதத்திலிருந்து இதைப் பிரித்துக் காட்டவே அவர் தனிப்பெயர் தேடினார். நாம் இன்றும் எல்லாவற்றையும் மூட்டு வலி என்ற ஒரே மூட்டையில்தான் கட்டுகிறோம்.

எங்கள் துண்டறிக்கைக்கு ஒரு முன்னுதாரணம் வேண்டும் என்று குழுவில் கேட்டார்கள். இதே நோய் இருந்த பிரெஞ்சு ஓவியர் ரெனுவாரைப் பற்றி எழுதிக் கொடுத்திருக்கிறேன். விரல்கள் முற்றிலும் மடங்கிப்போன பிறகும் தூரிகையைக் கையில் கட்டிக்கொண்டு வரைந்தவர்.

ஜூலை 23

மேலே எழுதியதைத் திருத்துகிறேன். ரெனுவார் தூரிகையைக் கையில் கட்டிக்கொண்டார் என்று பலரும் சொல்வதை நானும் அப்படியே எழுதிவிட்டேன். தவறு. புகைப்படங்களில் தெரியும் அந்தத் துணிக்கட்டு, உள்ளங்கைத் தோல் புண்ணாகாமல் காக்கப் போட்டது. தூரிகையை வேறொருவர் எடுத்து அவர் விரல்களுக்கிடையே செருகிவிடுவார். பிடிப்பதும் தீட்டுவதும் அவர்தான். 1919இல் இறக்கும்வரை அப்படித்தான் வரைந்தார்.

சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. திருத்தமான கதைதான் எனக்கு மேலும் பிடிக்கிறது. அதில் தூரிகையை எடுத்துக் கொடுக்கிற இன்னொரு கை இருக்கிறது.

ஜூலை 25

இரண்டு நாள் யோசித்துவிட்டு ரெனுவாரைத் துண்டறிக்கையிலிருந்து எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். அவர்மேல் எனக்கு அளவற்ற மதிப்பு உண்டு. ஆனால் இந்த மாதிரிக் கதைகளை வீட்டில் இருப்பவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ‘அவரே அந்தக் கையோடு வரைந்தாரே, உனக்கு ஒரு பாத்திரம் கழுவ முடியாதா?’ இதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

1967இல் உலகில் முதன்முதலாக மனிதனுக்கு மனித இதயத்தைப் பொருத்திய கிறிஸ்டியான் பர்னார்டுக்கும் இதே நோய்தான். 1983இல் அவர் அறுவை சிகிச்சையையே விட வேண்டிவந்தது. விட்டவரும் நம்மில் ஒருவர்தான். மன உறுதி குறைந்ததால் அவர் விடவில்லை, விரல்கள் இடம் கொடுக்காததால் விட்டார். யாரையாவது போட்டே ஆக வேண்டுமென்றால் இருவரையும் சேர்த்துப் போடுங்கள்.

ஆகஸ்ட் 5

இன்று மனம் கொதித்துப் போயிருக்கிறது. ஒரு அமைப்பு மூட்டு நோயாளிகளுக்காக நிதி திரட்டும் நடைப்பயணம் ஒன்றை நடத்தியது. பெயரைச் சொல்ல வேண்டாம், அவர்கள் நல்ல எண்ணம் உள்ளவர்கள். தொடங்கும் நேரம் காலை ஆறு மணி. தூரம் ஐந்து கிலோமீட்டர்.

ஆறு மணிக்கு அங்கே நிற்க நான் மூன்றரைக்கு எழுந்தேன். வெந்நீரில் கைகளை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக நீவி, ஒரு மணி நேரம் கழித்துத்தான் உடையின் கொக்கியைப் போட முடிந்தது. போய்ச் சேர்ந்தால் எங்கள் குழுவில் வந்திருந்தது நானும் இன்னொருவரும் மட்டும். மற்றவர்கள் அந்த நேரத்தில் படுக்கையில் உட்கார்ந்து காலைத் தரையில் ஊன்ற முயன்றுகொண்டிருந்தார்கள். எங்களுக்காக நடந்த நிகழ்ச்சியில் எங்களைத் தவிர எல்லோரும் இருந்தார்கள். ஒலிபெருக்கியில் ‘உற்சாகமாகக் கைகளைத் தட்டுங்கள்’ என்றார்கள். எனக்கு ஒரு தட்டுக்கே மணிக்கட்டுவரை வலி பாய்ந்தது. பையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன். பக்கத்தில் நின்றவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

உட்கார நாற்காலி இல்லை. பிறகு கொண்டுவந்த நாற்காலிகளும் கைப்பிடி இல்லாதவை. முழங்காலில் நோய் உள்ளவர் கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்தால் எழுவதற்கு ஆள் தேட வேண்டும்.

ஆகஸ்ட் 6

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, முடக்கு வாதக்காரர்கள் நடக்கவே கூடாதா என்று ஒருவர் கேட்கிறார். நடக்க வேண்டும். அளவான உடற்பயிற்சி மூட்டுக்கும் தசைக்கும் இதயத்துக்கும் நல்லது. நானே தினமும் மாலையில் நடக்கிறேன். நேற்றைய குறை நேரத்திலும் தூரத்திலும்தான். மாலை நான்கு மணிக்கு வைத்து, அரைக் கிலோமீட்டருக்கு ஒரு பெஞ்சு போட்டு, அவரவர் முடிந்த இடத்தில் நின்றுகொள்ளலாம் என்று சொல்லியிருந்தால் நாங்கள் பதினொரு பேரும் போயிருப்போம். இதை அவர்களுக்கு எழுதி அனுப்பினேன். மரியாதையாகவே பதில் வந்தது. அடுத்த முறை மாற்றுகிறார்களாம்.

ஆகஸ்ட் 19

நாங்கள் பதினொரு பேரும் சேர்ந்து அக்டோபர் 12 உலக மூட்டழற்சி நாளில் சொந்தமாக ஒரு சந்திப்பு வைக்கிறோம். 1996இலிருந்து உலகெங்கும் கடைப்பிடிக்கிற நாள் அது. சுவரொட்டிக்கு எந்தப் படம் என்பதில் இன்று பெரிய வாக்குவாதம். கோணிப்போன கைகளின் படத்தைப் போட்டால்தான் பார்க்கிறவர் மனம் இளகும், பணம் வரும் என்பது ஒரு கட்சி. அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் கைகள் பிச்சைப் பாத்திரம் அல்ல என்று கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 20

நான் பேசி முடித்த பிறகு எங்களில் மூத்தவரான ஓர் அம்மா, வயது 62, தன் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தார். விரல்கள் எல்லாம் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்திருக்கும், காற்றில் சாய்ந்த பயிர்போல. ‘இதில் மறைக்க என்னம்மா இருக்கிறது? முப்பது வருடம் இந்தக் கையால்தான் நான்கு பிள்ளைகளைக் கரையேற்றினேன். என் கையைப் போடுங்கள்’ என்றார்.

நான் வாயடைத்துப் போனேன். அவமானம் என்று நினைத்தது அவரல்ல, நான்தான் என்று வீட்டுக்கு வரும் வழியில் உறைத்தது.

ஆகஸ்ட் 30

அந்த அம்மாவின் கைப்படத்தை எடுத்தாயிற்று. எடுத்த பிறகு வேறொரு காரணத்துக்காக அதைப் போடவேண்டாம் என்று அவரே சொல்கிறார். ‘இப்போதுதான் நோய் தொடங்குகிற ஒருத்தி இந்தப் படத்தைப் பார்த்தால், என் கை இப்படி இல்லையே, எனக்கு இது இருக்காது என்று போய்விடுவாளே!’ இவ்வளவு காலம் நானும் படித்தவர்களும் யோசிக்காத ஒன்று.

சுவரொட்டிக்கு வேறு இரண்டு படங்கள் எடுத்தோம். உங்கள் கையை இப்போதே முஷ்டி பிடித்துப் பாருங்கள். விரல்கள் கையோடு சேரும் இடத்தில் நான்கு மேடுகள், மேடுகளுக்கு நடுவே பள்ளங்கள் தெரியும். உறை வீங்கத் தொடங்கினால் முதலில் அந்தப் பள்ளங்கள் தூர்ந்துவிடும். மேடும் பள்ளமும் ஒன்றாகிவிடும். அதே இடத்தைப் பக்கவாட்டில் இருந்து, கைகுலுக்குவதுபோல் லேசாக அழுத்தினாலே வலிக்கும். ஒரு படத்தில் பள்ளம் தெரிகிற முஷ்டி, பக்கத்தில் பள்ளம் தூர்ந்த முஷ்டி. கீழே எழுதியது: ‘காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் விரல்கள் மடங்கவில்லையா? ஆறு வாரத்துக்குள் மருத்துவரைப் பாருங்கள்.’ அவ்வளவுதான். கண்ணீர்த்துளி வேண்டாம், மெழுகுவத்தி வேண்டாம்.

செப்டம்பர் 8

கணக்கு கேட்டவருக்கு. கேட்டது நியாயம். நன்கொடை கேட்கிறவர் கணக்குக் கேள்விக்கு முகம் சுளிக்கக் கூடாது.

இரண்டு வருடத்துக்கு முன் நாங்கள் முதன்முதலாக வசூலித்ததில் பாதிக்கு மேல் பதாகைக்கும், அச்சிட்ட சட்டைக்கும், மேடைக்கும் போய்விட்டது. யாரும் தின்றுவிடவில்லை. ஆனால் நோயாளியின் கைக்குப் போய்ச் சேர்ந்தது சொற்பம். அன்று கணக்கை வாசித்தபோது அறையில் யாரும் பேசவில்லை. அதன்பின் நிகழ்ச்சிச் செலவைப் பொது நிதியிலிருந்து எடுப்பதில்லை. எங்களுக்குள் பகிர்ந்துகொள்கிறோம்.

நிதியில் பெரும்பங்கு எதற்குப் போகிறது தெரியுமா? நான் மருந்துக்கு என்று நினைத்திருந்தேன். ரத்தப் பரிசோதனைக்கும் பயணத்துக்கும்தான் போகிறது. மருந்து ஏதாவது ஒரு வழியில் கிடைத்துவிடுகிறது. ஆனால் அது ரத்த அணுக்களையும் கல்லீரலையும் பாதிக்கிறதா என்று குறித்த இடைவெளியில் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். கையில் பணம் இல்லாதவர்கள் முதலில் விடுவது சோதனையை. அதற்கு அடுத்து விடுவது நிபுணரிடம் போகும் நாளை. போனால் ஒரு நாள் கூலி போகும், கூடத் துணைக்கு வருபவரின் கூலியும் போகும்.

இந்த வருடம் மனத்துக்கு நிறைவு தந்த செலவு ஒரு கத்தரிக்கோல். எங்களில் ஒருவர் தையல்காரர். துணி வெட்ட முடியாமல் ஐந்து மாதம் வேலையின்றி இருந்தார். அழுத்தினால் வெட்டி, விட்டால் தானாக விரிந்துகொள்ளும் வில் வைத்த கத்தரிக்கோல் வாங்கிக் கொடுத்தோம். அவர் அதைக் கையில் வாங்கி, ஒரு பழைய துணியை ஒரே வீச்சில் நீளமாக வெட்டிப் பார்த்தார். பிறகு துணியை மடித்து இன்னொரு முறை வெட்டினார். நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். வெட்ட வேறு துணி இல்லை என்று ஆகும்வரை அவர் நிறுத்தவில்லை.

செப்டம்பர் 9

அவசரம், எல்லோரும் படியுங்கள். என்ன மருந்து என்று நேற்று ஒருவர் கேட்டார். மெதோட்ரெக்ஸேட் என்றேன். ‘எங்கள் அத்தைக்கும் அதுதான், தினமும் ஒன்று’ என்று எழுதியிருக்கிறார்.

முடக்கு வாதத்துக்கு மெதோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். தினமும் அல்ல. தினமும் விழுங்கி இறந்தவர்கள் உலகில் பல நாடுகளில் உண்டு. தயவுசெய்து இன்றே அத்தையின் மருத்துவரைக் கூப்பிட்டு, சீட்டில் உள்ளதைப் படித்துக் காட்டி உறுதிசெய்யுங்கள். அவர் மறுமொழி சொல்லும்வரை அடுத்த மாத்திரை வேண்டாம். வாய்ப்புண், காய்ச்சல், எளிதில் ரத்தக் கசிவு இருந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்கே கூட்டிச் செல்லுங்கள்.

செப்டம்பர் 9, மாலை

அத்தை தினமும் எடுத்துக்கொள்வது, அந்த மருந்தின் பக்கவிளைவைக் குறைக்கத் தரும் ஃபோலிக் அமிலமாம். மெதோட்ரெக்ஸேட் ஞாயிறு மட்டும்தானாம். இரண்டு அட்டைகளும் ஒரே நிறமாக இருந்ததால் எழுதியவர் குழம்பிவிட்டார். கையெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தது எனக்கு, இப்போதுதான் ஆறியது.

இதனால் ஒரு யோசனை வந்தது. நிதியிலிருந்து உதவி பெறுபவர்களுக்கு மருந்துப் பெட்டியின் மேல் கிழமையைப் பெரிய எழுத்தில் நாங்களே எழுதிக் கொடுப்போம். ஒரு மை பேனாவும் ஒட்டுத்தாளும்தான் செலவு. குழந்தை பெற நினைக்கும் பெண்களுக்கு இந்த மருந்து ஆகாது, முன்கூட்டியே மருத்துவரிடம் பேசி மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதையும் பெட்டியின் பின்புறம் எழுதுவோம்.

செப்டம்பர் 21

பெயரில்லாத ஒரு பொடியைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். மூன்றே நாளில் வீக்கம் வடிந்துவிட்டதாம், நிதியில் அதை வாங்கி எல்லோருக்கும் கொடுக்கலாமே என்கிறார். மூன்றே நாள் என்பதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. இப்படி விற்கும் பொடிகளிலும் மாத்திரைகளிலும் சொல்லாமல் ஸ்டீராய்டு கலந்திருப்பது ஆய்வகச் சோதனைகளில் திரும்பத் திரும்ப வெளிப்பட்டிருக்கிறது.

ஸ்டீராய்டு தீயது என்று சொல்லவில்லை. 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹெஞ்ச் என்ற மருத்துவர், முடக்கு வாதத்தால் அசைய முடியாதிருந்த 29 வயதுப் பெண் ஒருவருக்குக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைச் செலுத்தினார். சில நாட்களில் அந்தப் பெண் எழுந்து நடந்தார். 29, எனக்கு நோய் தொடங்கிய அதே வயது. அதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். 1950இல் ஹெஞ்சுக்கும், உடனுழைத்த கெண்டாலுக்கும், சுவிட்சர்லாந்தில் தனியாக ஆராய்ந்த ரைக்ஸ்டைனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் நீண்ட நாள், அதிக அளவில் கொடுத்தபோது எலும்பு மெலிந்தது, சர்க்கரை ஏறியது, முகம் வீங்கியது. மருந்தை நிறுத்தியதும் நோய் திரும்பியது. இன்று மருத்துவர்கள் அதைக் குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கு, மற்ற மருந்து வேலை செய்யத் தொடங்கும்வரை தருகிறார்கள். பொடிக்குள் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அதைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் பொட்டலத்தோடு மருத்துவரிடம் போங்கள். திட்டுவாரோ என்று மறைக்காதீர்கள்.

நம் நிதியிலிருந்து பொடிக்கு ஒரு காசும் போகாது.

அக்டோபர் 3

ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாமா, ஆட்களுக்குக் கொடுக்கலாமா? இதில் என் மனம் இன்னும் ஒரு நிலையில் நிற்கவில்லை.

ஒரு பக்கம் லண்டனில் நடந்தது இருக்கிறது. 1960களில் கென்னடி என்ற தம்பதியின் அறக்கொடையில் அங்கே ஒரு வாதநோய் ஆய்வு நிலையம் தொடங்கியது. மார்க் ஃபெல்ட்மன், ரவீந்தர் மைனி என்ற ஆய்வாளர்கள் இருவரும் அங்கே மூட்டு உறையின் திசுவை எடுத்து ஆராய்ந்து, உடம்பே சுரக்கிற டி.என்.எஃப் என்ற ஒரே பொருளைத் தடுத்தால் அழற்சியின் சங்கிலியே அறுபடும் என்று கண்டார்கள். 1992இல் முதல் நோயாளிகளுக்கு அந்த மருந்தைக் கொடுத்தார்கள். மொத்தம் 20 பேர். ஆண்டுக்கணக்கில் எதற்கும் அசையாத நோய் அவர்களுக்கு அசைந்தது. உயிருள்ள செல்களைக் கொண்டு தயாரிப்பதால் உயிரி மருந்துகள் என்று இன்று சொல்கிற வரிசையில் பல அதிலிருந்து வந்தவை. அந்தக் கண்டுபிடிப்பின் உரிமைத் தொகை அதே அறக்கட்டளைக்குத் திரும்பி வந்து இன்றும் ஆராய்ச்சிக்குப் போகிறது. யாரோ கொடுத்த அறக்கொடைதான் அதற்கு வித்து.

மறுபக்கம், அந்த உயிரி மருந்துகளின் விலை. காப்புரிமை முடிந்து அவற்றை ஒத்த மருந்துகள் வந்த பிறகு குறைந்திருக்கிறது, உண்மை. ஆனாலும் எங்கள் பதினொரு பேரில் இருவருக்குத்தான் அது கிடைக்கிறது. தேவைப்படுபவர் நால்வர். ஆராய்ச்சி எங்கோ எனக்காக நடந்து முடிந்திருக்கிறது, வாசலில் நிற்கிறது, உள்ளே அழைக்கப் பணம் இல்லை.

அக்டோபர் 4

இரவெல்லாம் யோசித்தேன். எங்களைப் போன்ற சிறு குழு ஆட்களுக்கும் சோதனைகளுக்கும் கொடுக்கட்டும். ஆராய்ச்சிக்குக் கொடுக்க விரும்புகிறவர்களை அதற்கென்றே உள்ள, கணக்கு வெளியிடும் நிறுவனங்களிடம் நேராக அனுப்பிவிடுவோம். இரண்டையும் ஒரே உண்டியலில் போட்டால் இரண்டுக்கும் கணக்கு சொல்ல முடியாது.

அக்டோபர் 12, இரவு

மாலை நான்கு மணிக்குத் தொடங்கினோம். பதினொரு பேரும் வந்தோம். கைப்பிடி வைத்த நாற்காலிகள் ஒன்பது கிடைத்தன. இரண்டு பேருக்குத் தலையணை வைத்து உயர்த்தினோம். தண்ணீர்ப் புட்டிகளின் மூடியை முன்பே தளர்த்தி வைத்தோம். கைதட்டல் வேண்டாம், பிடித்திருந்தால் கையை உயர்த்துங்கள், உயர்த்த முடியாதவர்கள் சிரியுங்கள் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டோம். பேசியவர்கள் மூன்று பேர், ஆளுக்குப் பத்து நிமிடம். 62 வயது அம்மா பேசி முடித்தபோது அறை முழுவதும் கைகள் உயர்ந்தன. சில பாதிவரை, சில தோள்வரை. சத்தமே இல்லை. இப்படி ஒரு பாராட்டை நான் இதுவரை பார்த்ததில்லை.

வசூல், போன முறையைவிடக் கொஞ்சம் குறைவு. நோயாளிக்குப் போவது போன முறையைவிட அதிகம். விவரம் நாளை.

அக்டோபர் 13

விவரம்: ஆறு பேருக்கு ஒரு வருடச் சோதனைச் செலவு, நான்கு பேருக்குப் பயணச் செலவு. மீதி கையிருப்பில். முழுக் கணக்கை அறையின் கதவில் ஒட்டியிருக்கிறோம்.

நவம்பர் 27

ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகளுக்கு ஏழு வயது, காலையில் நொண்டுகிறாளாம், மதியம் ஓடுகிறாளாம். பள்ளிக்குப் போகாமலிருக்க நடிக்கிறாள் என்று வீட்டில் சொல்கிறார்களாம். அம்மா, அவளை நம்புங்கள். பதினாறு வயதுக்குள் வரும் மூட்டழற்சி தனி வகை, குழந்தைகளுக்கும் வரும். காலையில் நொண்டி, நாள் ஏற ஏறச் சரியாவது அதன் அடையாளங்களில் ஒன்று. வலிக்கிறது என்று சொல்லக்கூடப் பல குழந்தைகளுக்குத் தெரியாது, நொண்டுவதோடு சரி. குழந்தைகள் மருத்துவரிடம் காட்டி, கண் பரிசோதனைக்கும் கேளுங்கள். இதில் வலியே இல்லாமல் கண்ணுக்குள் அழற்சி வருவதுண்டு.

களைப்பைப் பற்றியும் எழுத நினைத்திருந்தேன். வீக்கத்தைப் படம் எடுக்கலாம், களைப்பை எப்படி எடுப்பது? தூங்கி எழுந்தும் போகாத களைப்பு. நேற்று திருத்தவேண்டிய விடைத்தாள் கட்டு மடியிலேயே இருந்தது, பேனாவின் மூடியைக்கூட எடுக்கவில்லை. இன்று இவ்வளவுதான் முடிகிறது.

பிப்ரவரி 2

இன்று முடக்கு வாத விழிப்புணர்வு நாள். நாங்கள் எதுவும் ஏற்பாடு செய்யவில்லை. ஆனால் ஒரு பெண் வந்தாள். வயது 26 இருக்கும். அக்டோபரில் ஒட்டிய சுவரொட்டியை யாரோ கைப்பேசியில் படம் எடுத்து அனுப்ப, அது சுற்றிச் சுற்றி அவளிடம் போயிருக்கிறது. வந்ததும் ஒன்றும் பேசாமல் முஷ்டி பிடித்துக் காட்டினாள். வலக்கையில் நடு இரண்டு பள்ளங்கள் இல்லை.

எத்தனை நாளாக என்று கேட்டேன். ‘ஐந்து வாரம், அக்கா’ என்றாள்.

இன்றைக்கே நிபுணரிடம் நேரம் வாங்கினோம். சோதனைச் செலவு கையிருப்பிலிருந்து.

பிப்ரவரி 20

அவளுக்கு மருந்து தொடங்கியாயிற்று. ரத்தத்தில் காரணி ‘இல்லை’ என்றுதான் வந்தது, எனக்கு வந்ததுபோலவே. ஆனால் மருத்துவர் கைகளைத் தொட்டுப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார், நோய் இருப்பதை உறுதிசெய்தார். எலும்பில் இன்னும் அரிப்பு எதுவும் இல்லையாம். பெட்டியின் மேல் ‘புதன்’ என்று எழுதிக் கொடுத்தேன். மருந்து வேலை செய்யத் தொடங்கச் சில வாரங்கள் ஆகும், அதற்குள் மனம் தளர்ந்து நிறுத்திவிடாதே என்றும் சொல்லி அனுப்பினேன்.

முதலில் கேள்வி கேட்டவர் இன்று தனியாக எழுதியிருந்தார். அவருடைய அக்காவுக்குக் காலையில் விரல் மடங்குவதில்லையாம், மூன்று வாரமாக. கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த சந்திப்பு ஞாயிறு மாலை நான்கு மணி. இப்போது நாங்கள் பன்னிரண்டு பேர். கைப்பிடி வைத்த நாற்காலி யாரிடமாவது இருந்தால் நான்கு வேண்டும்.